இராமநாதபுரம் கடற்கரையில் மாலை நேரப் பாய்மரப் படகுப் பயணமும் உள்ளூர் ஒயினும் கிடைக்குமா?

வெளிநாட்டில் சூரியன் மறையும் வேளையில் பாய்மரப் படகில் சென்று அந்த ஊர் ஒயினைச் சுவைத்ததாகவும், அதே போன்ற மாலை ஒன்றை இராமநாதபுரத்தில் கழிக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் தாய்மாமா தொண்டிப் பக்கத்தில் வத்தை, அதாவது பாய்மர மீன்பிடிப் படகு, வைத்திருப்பவர். அப்பாவின் ஊர் சாயல்குடிக்கு அருகில். ஆகவே கடலையும் பனையையும் பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

ஒயினைத் தேடி வந்தால் ஏமாந்து போவீர்கள். தமிழ்நாட்டில் திராட்சைக்குப் பெயர் பெற்றது தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு. எங்கள் கரையின் பானம் பனையிலிருந்து வருகிறது. அதிலும் கள் இறக்கவோ விற்கவோ 1987 முதல் தமிழ்நாட்டில் தடை இருப்பதால், தனியாக ஏற்பாடு செய்து தருவதாக யாரேனும் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். நீங்கள் ஊருக்குத் திரும்பிவிடுவீர்கள், வழக்கைச் சுமக்கப் போகிறவர் மரமேறியவர். இங்கே நீங்கள் சுவைக்க வேண்டியது பதநீரை.

பதநீரும் கள்ளும் ஒரே பாளையில் சுரப்பவைதாம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் அந்தச் சாறு புளிக்காமல் பதநீராக நிற்கிறது. தடவாவிட்டால் சில மணி நேரத்திலேயே நுரைத்துக் கள்ளாகிவிடுகிறது. ஆகையால் பதநீரின் சுவையைப் பெரிதும் தீர்மானிப்பது பனையேறியின் கைப்பக்குவம். சுண்ணாம்பு மிகுந்தால் நாக்கில் காரல் தட்டும்; குறைந்தால் இனிப்புக்கு அடியில் மெல்லிய புளிப்பு எட்டிப் பார்க்கும். இரண்டு பனையேறிகளிடம் வாங்கி அடுத்தடுத்துக் குடித்துப் பார்த்தால் இந்த வேறுபாடு எளிதில் பிடிபடும், ஒயின் சுவைக்கிறவர்கள் தேடும் நுட்பத்துக்கு இது எவ்விதத்திலும் குறைந்ததல்ல என்பது என் உறுதியான எண்ணம். பனையோலையை மடித்துக் கட்டிய பட்டையில், இளநுங்கைப் பிசைந்து போட்டுக் குடியுங்கள். கண்ணாடிக் குவளையில் அந்த ஓலை மணம் வராது.

சென்ற ஆண்டு மே மாதம் நான் போன பயணத்தைச் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கடல் இரைச்சலின்றிக் கிடந்தது. பதநீருக்கும் அதுவே பருவம். காலையில் சாயல்குடிப் பக்கம் வாங்கிய பதநீரை ஐஸ் பெட்டியில் வைத்துத் தொண்டிக்குக் கொண்டு போனேன். நான்கரை மணிக்கு மாமா பாய் விரித்தார். அப்போது வீசியது சோழகம், அதாவது தெற்கிலிருந்து வரும் காற்று. கிழக்கே போகும்போது வலப்பக்கமும் கரைக்குத் திரும்பும்போது இடப்பக்கமும் அது தாங்கியதால், போக வர இரண்டுக்கும் ஒரே காற்றுப் போதுமாயிருந்தது. பாய் இழுத்து வத்தை சாயும்போதெல்லாம் மாமாவின் மகன் காற்று வரும் பக்கம் நீட்டியிருந்த பலகையில் ஏறி நின்று எடை கொடுத்தான். மாமாவோ ஒரு கையில் சுக்கானும் மறு கையில் பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிறுமாக, ஒரு சொல்லும் பேசாமல் இருந்தார்.

நீங்கள் எதிர்பார்க்கும் காட்சி அங்கே இராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொண்டிக் கரை கிழக்கு நோக்கியது. ஆகவே சூரியன் கடலில் இறங்காது, கரைக்குப் பின்னால்தான் இறங்கும். ஆனால் கடலிலிருந்து திரும்பிப் பார்க்கும்போது, ஆறரை மணியளவில், வரிசையாக நிற்கும் பனைகளின் தலைகளுக்கு நடுவே அது சிவந்து அமிழ்வதைப் பார்த்துக்கொண்டே அந்தப் பனையின் சாற்றைக் குடித்தது எனக்குப் பெரும் நிறைவாக இருந்தது. கடலில் மறைவதையே காண வேண்டுமென்றால் தனுஷ்கோடிப் பக்கத்திலிருந்து மன்னார் வளைகுடாவை மேற்கே நோக்கிப் பாருங்கள்.

நான் உறவினனாகப் போனேன். அதையே நீங்கள் பணம் கொடுத்துச் செய்யக் கூடாது. மீன்பிடிப் படகுகள் பயணிகளை ஏற்றுவதற்கு அனுமதி பெற்றவை அல்ல. தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை படகுச் சவாரி நடத்துகிறது. அதில் பாய் இல்லை என்றாலும், உயிர்காப்பு உடையோடு பாதுகாப்பாகப் போய் வரலாம். பாய்மரத்தைப் பார்க்கும் ஆசைக்கு, இந்தக் கரை ஊர்களில் திருவிழாக்களை ஒட்டி நடக்கும் பாய்மரப் படகுப் போட்டி நாளில் வாருங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்கு உட்பட்டவை. அனுமதியின்றி எதிலும் இறங்க வேண்டாம்.

பதநீருக்குச் சாயல்குடிச் சாலையில் காலை எட்டு மணிக்கு முன் போய்விடுங்கள். பேரம் பேசாமல் வாங்குங்கள். ஒவ்வொரு மரத்திலும் நாளுக்கு இருமுறை ஏறிப் பாளை சீவுகிறவரின் உழைப்பு அது. காலையில் வாங்கியதை மாலையில் குடிப்பதாயிருந்தால், ஐஸ் நேரடியாகக் கலக்காதபடி பாத்திரத்துக்கு வெளியே வையுங்கள். உருகும் நீர் உள்ளே இறங்கினால் சுவை செத்துவிடும்.