மழை ஜாக்கெட் வாங்குமுன் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மலைக்குப் போகிறவர்களுடையவை. எல்லாருக்கும் வேண்டியது ஒன்றுதான்: கையைக் கடிக்காத விலையில், நடு மலையில் கைவிடாத ஒரு மழை ஜாக்கெட். கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: ஒரு ஜாக்கெட்டின் லேபிளில் 10,000/10,000 என்று இருக்கிறது. இன்னொன்றில் 20,000/20,000. விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. மூன்று நான்கு நாள் மலைநடைக்கு எதை எடுப்பது?

10,000 போதும், தையல் முழுவதும் டேப் ஒட்டியிருந்தால். இந்த எண்கள் மேல் எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதல் எண் தண்ணீர் புகாத திறன். ஒரு துண்டுத் துணியை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கத்திலிருந்து தண்ணீரின் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். மறுபக்கம் துளி அரும்பும் நேரத்தில் அந்த அழுத்தம் எத்தனை மில்லிமீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமமோ அதுதான் எண். 10,000 என்றால் பத்து மீட்டர் உயரத் தண்ணீர். விழும் மழைக்கு அவ்வளவு அழுத்தம் கிடையாது. முதுகுப்பையின் பட்டை தோளை அழுத்தும் இடத்திலும், ஈரப் பாறையில் உட்காரும்போதும், முழங்கையை ஊன்றும்போதும்தான் தண்ணீர் துணிக்குள் திணிக்கப்படுகிறது. 1,500 உள்ள ஜாக்கெட் தெருவுக்குப் போதும், மலைக்குப் போதாது என்று சொல்வது அதனால்தான். கனமான பையோடு நாள் கணக்கில் மழையில் நடப்பவருக்கு 20,000 உதவும். மூன்று நான்கு நாளுக்கு அது அவசியமில்லை.

ஆனால் அந்தச் சோதனைக்குப் போனது தையலே இல்லாத புதுத் துணித்துண்டு. ஜாக்கெட் அப்படியா இருக்கிறது? ஒவ்வொரு தையலும் ஊசி போட்ட ஓட்டைகளின் வரிசை. அந்த ஓட்டைகளை உள்பக்கத்திலிருந்து டேப் ஒட்டி அடைக்க வேண்டும். சில நிறுவனங்கள் தோளிலும் ஹூட்டிலும் மட்டும் டேப் ஒட்டிவிட்டு, "முக்கியமான தையல்கள் அடைக்கப்பட்டவை" என்று எழுதிவிடுகின்றன. படிக்கும்போது அது ஒரு சிறப்பு மாதிரித் தெரியும். மற்ற தையல்கள் திறந்தே கிடக்கின்றன என்பதுதான் அதன் பொருள்.

நான் அப்படித்தான் ஏமாந்தேன். 20,000 என்ற எண்ணை மட்டும் பார்த்து ஒரு ஜாக்கெட் வாங்கினேன். மலைமுகட்டில் பக்கவாட்டு மழை அடித்தபோது விலாப்பக்கத் தையல் வழியாகவும் சட்டைக்கையின் தையல் வழியாகவும் தண்ணீர் இறங்கியது. கீழே வந்து சேர நான்கு மணி நேரம் ஆனது. கடைசி ஒரு மணி நேரம் கை நடுக்கத்தில் என்னால் பையின் கொக்கியைக்கூடத் திறக்க முடியவில்லை. துணியில் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை, லேபிளில் இருந்த எண் உண்மைதான். நனைந்தது நான்.

இரண்டாவது எண், வியர்வை ஆவி வெளியேறும் அளவு. ஒரு சதுர மீட்டர் துணி வழியாக 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் நீராவி போகிறது என்ற கணக்கு. இதை அளக்கப் பல முறைகள் உண்டு, ஒரே துணிக்கு முறைக்கு ஒரு எண் வரும். எந்த முறை என்று எழுதாமல் எண்ணை மட்டும் அச்சடித்தால் இரண்டு நிறுவனங்களை ஒப்பிட வழியே இல்லை. ஆர்.ஈ.டி. என்ற அளவைக் கொடுத்திருந்தால் அதை நம்பலாம். அது ஆவி போவதற்கு உள்ள தடையின் அளவு, ஆகவே குறைந்தால் நல்லது. 6-க்குக் கீழே இருந்தால் மிக நன்று, 20-ஐத் தாண்டினால் உள்ளே புழுங்கும்.

ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். ஜாக்கெட்டில் ஒன்றரை சதுர மீட்டர் துணி என்று வைத்துக்கொண்டால், 10,000 கிராம் என்பது மணிக்குச் சுமார் 625 கிராம். அதுவும் சோதனைக்கூடத்தில். செங்குத்தான ஏற்றத்தில் பையோடு ஏறுகிறவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வியர்ப்பது சாதாரணம். வெளியே காற்று வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருந்தால் ஆவி வெளியேற இடமே இல்லை, ஏனென்றால் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஆவியழுத்த வேறுபாடுதான் அதை வெளியே தள்ளுகிறது. எவ்வளவு விலை கொடுத்த துணியும் அப்போது ஒன்றும் செய்ய முடியாது. ஜிப்பைத் திறக்க வேண்டியதுதான்.

கேள்வி: அக்குளுக்குக் கீழே ஜிப் வைத்த ஜாக்கெட் கொஞ்சம் விலை கூடுதல். தேவையா?

தேவை. செலவைக் குறைக்க வேண்டுமானால் பாக்கெட்டுகளில் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: "முழுமையான வாட்டர்ப்ரூஃப்" என்று எழுதியிருந்ததை நம்பி இணையத்தில் வாங்கினேன். முதல் பயணத்திலேயே முதுகும் கையும் தெப்பமாக நனைந்தன. திருப்பி எடுக்கச் சொன்னால், "பயன்படுத்திவிட்டீர்கள், எடுக்க மாட்டோம். லேசான மழைக்கானது" என்கிறார் விற்றவர். என் மேல்தான் தவறா?

இல்லவே இல்லை. மழையில் போடாமல் மழை ஜாக்கெட்டை எப்படிச் சோதிப்பது? தண்ணீர் புகாது என்று எழுதி விற்றுவிட்டு, புகுந்த பிறகு லேசான மழைக்கானது என்பது ஏமாற்று. தண்ணீரைத் தாக்குப்பிடிப்பது வேறு, தண்ணீர் புகாதது வேறு. விற்கிறவருக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

முதலில் விற்பனைப் பக்கத்தை இன்றே படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு அந்த வரி மாறியிருக்கலாம். பிறகு ஜாக்கெட்டை உள்வெளியாகத் திருப்பி, தையல் வரும் ஒரு பகுதியைக் கிண்ணம் போலக் குழித்துப் பிடித்து, அதில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். நல்ல ஜாக்கெட்டில் அடியில் ஒன்றும் சொட்டாது. சொட்டினால் எந்தத் தையலில் சொட்டுகிறது என்று வீடியோ எடுங்கள். "வியர்த்திருக்கும்" என்று அவர் அடுத்துச் சொல்லப்போகிற பதிலுக்கு இதுதான் சாட்சி. தொலைபேசியில் பேசாமல், பணத்தைத் திருப்பக் கேட்டுத் தேதியோடு எழுத்தில் அனுப்புங்கள். விற்பனைத் தளத்துக்கும் நகல் போகட்டும். கார்டில் பணம் கட்டியிருந்தால், விவரித்தபடி பொருள் இல்லை என்று வங்கியிடம் மறுப்புத் தெரிவிக்க வழி உண்டு. அதற்குக் கெடு உண்டு, தாமதிக்காதீர்கள். என்ன ஆனது என்று எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: நல்ல விலை கொடுத்து வாங்கிய ஜாக்கெட். துவைத்தால் கெட்டுவிடும் என்று மூன்று வருடமாகத் துவைக்கவே இல்லை. இப்போது துணி தண்ணீரைக் குடிக்கிறது. கம்பெனி ஏமாற்றிவிட்டதா?

இல்லை. நீங்கள் துவைக்கவில்லை. உள்ளே ஒட்டியிருக்கும் சிறு துண்டில் துவைக்கும் முறை அச்சிட்டிருக்கும், அதை மூன்று வருடத்தில் ஒருமுறையாவது படித்திருக்கலாம்.

வெளித்துணியின் மேல் தண்ணீரை உருட்டிவிடும் ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. அழுக்கும் உடம்பின் எண்ணெய்ப் பசையும் புகையும் படிந்தால் அது வேலை செய்யாது. வெளித்துணி ஈரத்தில் ஊறிவிடும். அதற்கு உள்ளே இருக்கும் சவ்வு இன்னும் தண்ணீரைத் தடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் ஊறிய துணி வழியாக ஆவி வெளியேற முடியாமல் வியர்வை உள்ளேயே தண்ணீராகிறது, துணியும் குளிர்கிறது. மழை புகுந்துவிட்டது என்று உங்களுக்குத் தோன்றுகிறது.

சலவைத்தூள் வேண்டாம், துணி மென்மையாக்கும் திரவம் கூடவே கூடாது. இத்தகைய துணிகளுக்கென்று விற்கும் திரவச் சோப்பில் துவைத்து, இரண்டு முறை அலசுங்கள். லேபிள் அனுமதித்தால் உலர்த்தி இயந்திரத்தில் மிதமான சூட்டில் 20 நிமிடம் போடுங்கள். சூடு பட்டால் பூச்சு மீண்டும் எழும். அப்படியும் தண்ணீர் முத்து முத்தாக உருளவில்லை என்றால் பூச்சுத் திரவம் வாங்கித் தெளியுங்கள். புது ஜாக்கெட்டின் விலையில் அது மிகச் சிறு பங்கு. வாங்கியதைப் பராமரிக்காமல் விட்டுவிட்டு விற்றவரைத் திட்டும் கடிதங்கள் மாதத்துக்குக் குறைந்தது நான்கு வருகின்றன. உண்மையிலேயே ஏமாற்றப்பட்டவரின் குரலும் இதனால்தான் எடுபடாமல் போகிறது.

கேள்வி: இரண்டு அடுக்கு, இரண்டரை, மூன்று என்கிறார்கள். பாறை ஏறுபவனுக்கு எது?

மூன்று. வெளித்துணி, சவ்வு, உள்துணி மூன்றும் ஒன்றாக ஒட்டியிருக்கும். பாறையில் உரசினாலும் பையின் பட்டை அரைத்தாலும் தாங்கும். இரண்டு அடுக்கில் உள்ளே தனியாகத் தொங்கும் லைனிங் இருக்கும். கனம் கூடும், ஈரமானால் காய நேரமாகும். இரண்டரையில் உள்துணிக்குப் பதில் சவ்வின் மேல் மெல்லிய பூச்சோ அச்சோ மட்டும்தான். லேசு, மலிவு, சுருட்டினால் கைக்குள் அடங்கும். எப்போதாவது மழை வரும் பாதையில் நடப்பவருக்கு அதுவே சரி.

இரண்டரை அடுக்கு வாங்குபவருக்கு ஒரு எச்சரிக்கை. நான் ஒன்று வைத்திருந்தேன். ஈரத்தோடு சுருட்டிப் பைக்குள் திணித்து ஒரு பருவம் முழுவதும் மறந்துவிட்டேன். எடுத்தபோது உள்பூச்சு பிசுபிசுத்து, விரல் பட்ட இடமெல்லாம் செதிலாக உரிந்தது. பாலியுரேத்தேன் பூச்சை ஈரமும் சூடும் சேர்ந்து சிதைத்துவிடும், அதைத் திரும்பச் சரிசெய்ய வழியில்லை. காயவைத்து, தொங்கவிட்டு வையுங்கள்.

துணியின் கனத்தையும் பாருங்கள். டெனியர் என்பது நூலின் கனத்தைச் சொல்லும் அளவு. 20 டெனியர் துணி பாதைக்குப் போதும். பாறைக்கு 40-க்குக் குறையாமல் எடுங்கள்.

கேள்வி: அடர்ந்த காட்டுப் பாதையில் நடக்கப் போகிறேன். தலைவழியே போர்த்திக்கொள்ளும் பான்ச்சோ போதாதா?

காட்டுக்குள் போதும், பையும் சேர்ந்து மூடிக்கொள்ளும், காற்றோட்டமும் உண்டு. மரங்கள் முடிந்து முகடு தொடங்கும் இடத்தில் காற்று அதைப் பாய்மரமாக்கிவிடும், கால் வைக்கும் இடமும் தெரியாது. கயிறு பிடித்து ஏறும் இடத்தில் போடவே போடாதீர்கள்.

கேள்வி: ஏறுவதற்கு ஜாக்கெட் எடுக்கும்போது கடையில் எதைச் சோதிக்க வேண்டும்?

ஹெல்மெட்டையும், கயிற்றோடு இணைக்க இடுப்பில் கட்டும் ஹார்னஸையும் கையோடு கொண்டுபோங்கள். ஹெல்மெட்டின் மேல் ஹூட்டைப் போட்டு, ஜிப்பைத் தாடை வரை ஏற்றி, தலையை இரு பக்கமும் திருப்புங்கள். ஹூட் தலையோடு திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் நீங்கள் பார்க்கப்போவது ஹூட்டின் உள்பக்கத்தைத்தான். ஹார்னஸைக் கட்டிக்கொண்டு இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்துங்கள். கீழ்விளிம்பு ஹார்னஸுக்குள்ளிருந்து உருவி வந்தால் அந்த ஜாக்கெட் வேண்டாம். பாக்கெட்டுகள் இடுப்புப் பட்டைக்கு மேலே இருக்கட்டும், கீழே இருந்தால் கை நுழையாது. கீழிருந்தும் திறக்கும் இருவழி ஜிப் இருந்தால், கயிறு பிடித்து நிற்கும்போது ஹார்னஸின் முன்வளையம் கைக்கு எட்டும்.

உள்ளே போடும் கம்பளிச் சட்டையோடு போட்டுப் பாருங்கள். டி-ஷர்ட்டோடு அளவு பார்த்து வாங்கி, குளிரில் போட முடியாமல் திண்டாடியவர்களின் கடிதங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன.

கேள்வி: பயன்படுத்திய ஜாக்கெட் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

உள்பக்கத்தைப் பார்க்க அனுமதித்தால் வாங்கலாம். தையல் டேப் நுனியில் தூக்கியிருக்கிறதா, தோளிலும் கழுத்திலும் பூச்சு உரிந்திருக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். கிழிசல் பெரிய குறையல்ல, ஒட்டுத்துணி போட்டு அடைக்கலாம். கொப்புளம் கண்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

கேள்வி: பி.எஃப்.ஏ.எஸ். என்ற ஃப்ளூரின் ரசாயனங்கள் இல்லாத ஜாக்கெட் மழை தாங்குமா?

தாங்கும். ராபர்ட் கோர் 1969-இல், இந்த வகையைச் சேர்ந்த பி.டி.எஃப்.ஈ. என்ற பிளாஸ்டிக்கை வேகமாக இழுத்து நுண்துளைச் சவ்வாக்கியதிலிருந்துதான் கோர்-டெக்ஸ் என்ற மழைத்துணி வந்தது. அதை விற்கும் கோர் நிறுவனமே 2022 முதல் ஃப்ளூரின் இல்லாத பாலிஎதிலீன் சவ்வையும் விற்கிறது. இந்த ரசாயனங்கள் இயற்கையில் எளிதில் சிதையாமல் தங்கிவிடுபவை, அவற்றைத் தவிர்ப்பது நல்லது. புது வகை மேல்பூச்சு தண்ணீரை உருட்டும், ஆனால் எண்ணெய்ப் பசையை அவ்வளவாகத் தடுக்காது. ஆகவே அடிக்கடி துவைக்க வேண்டும்.

கேள்வி: பணம் குறைவு. நல்ல ஜாக்கெட்டா, அல்லது சாதாரண ஜாக்கெட்டும் உள்ளே போடும் சூடான சட்டைகளுமா?

இரண்டாவது. தையல் முழுவதும் அடைத்த சாதாரண ஜாக்கெட், உள்ளே பாலியெஸ்டரோ கம்பளியோ. பருத்தி வேண்டாம், நனைந்தால் உடம்போடு ஒட்டிச் சூட்டை உறிஞ்சிவிடும். உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைய உறைபனி தேவையில்லை, ஈரமும் காற்றும் போதும். மாற்றுச் சட்டை ஒன்றைத் தண்ணீர் புகாத உறையில் கட்டிப் பைக்குள் வையுங்கள்.

கேள்வி: நாளைக் காலை ஐந்து நாள் மலைப்பயணம். ஆர்டர் செய்த ஜாக்கெட் இன்றுதான் வந்தது, இன்னும் பிரிக்கவில்லை. ஏதாவது யோசனை?

கடிதம் எழுதிய நேரத்தில் பிரித்திருக்கலாம். புது ஜாக்கெட்டை முதல்முறை மலையில் போடுவது உயிரோடு விளையாடுவது, இதில் எனக்குப் பொறுமை இல்லை. இப்போதே பிரித்து, உள்ளே வெளிர்நிறச் சட்டை ஒன்றைப் போட்டு, பையையும் மாட்டிக்கொண்டு, ஷவருக்குக் கீழே பத்து நிமிடம் நில்லுங்கள். கையைத் தூக்குங்கள், குனியுங்கள், ஹூட்டைப் போட்டுத் தலையைத் திருப்புங்கள். பிறகு ஜாக்கெட்டைக் கழற்றி, சட்டையில் எங்கே ஈரம் என்று பாருங்கள். கழுத்திலும் மணிக்கட்டிலும் கொஞ்சம் ஈரம் என்றால் பட்டைகளை இறுக்கிக்கொண்டு கிளம்பலாம். தோளிலோ முதுகிலோ ஈரம் என்றால் வேறு ஜாக்கெட்டை இரவல் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.