பாண்டிக்குப் போனால் வாய்க்காலைத் தாண்டுங்கள்

கேள்வி: பெரம்பூரில் இருக்கிறோம். அடுத்த மாதம் ஒரு சனி, ஞாயிறு புதுச்சேரி போகிறோம். ஒன்பதாவது படிக்கும் மகளுக்குப் பழைய கட்டடங்கள் பற்றிப் பள்ளியில் புராஜெக்ட். போன தடவை மஞ்சள் சுவர் முன்னால் போட்டோ எடுத்ததோடு சரி, எல்லாம் ஒரே மாதிரி தெரிந்தது. எதை, எப்படிப் பார்ப்பது? அம்மாவுக்கு முட்டி வலி, அதிகம் நடக்க முடியாது.

பதில்: ஒரே மாதிரி தெரிந்ததில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. பீச் ரோட்டை ஒட்டிய தெருக்களில் சுற்றினால் மதில்தான் கண்ணில் படும். பிரெஞ்சுக்காரர் வீடு தெருவுக்கு முதுகைக் காட்டி நிற்பது. உயரமான மதில், பெரிய கேட், அதற்குப் பின்னால் தோட்டம், தோட்டத்தைப் பார்த்தபடி தூண் வைத்த வராந்தா. அழகெல்லாம் உள்ளே. அதனால் அந்தப் பக்கம் ஒரு பழைய வீட்டு ஹோட்டலில் தங்குங்கள், அல்லது காலை டிபனுக்காவது உள்ளே போங்கள். கீழ்த்தள அறையாகக் கேட்டு வாங்குங்கள். பழைய மாடிப்படிகள் உங்கள் அம்மாவின் முட்டிக்கு ஆகாது.

அப்புறம், ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வாருங்கள். சென்னையிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்தப் பாதியைத்தான். தமிழர் வீடு தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். வழிப்போக்கருக்கு நிழல் தரும் தாழ்வாரம், திண்ணை, செதுக்கிய கதவு, நடை, முற்றம். வைசியாள் தெருவுக்குப் போய், அண்ணாந்து மாடியைப் பாருங்கள். கீழே மரத்தூணும் திண்ணையும். மேலே வளைவு ஜன்னல், சுவரோடு ஒட்டிய பட்டைத் தூண், கைப்பிடிச் சுவரில் வரிசையாகச் சிறு தூண்கள். கீழ்த்தளம் தமிழ், மேல்தளம் பிரெஞ்சு. பாண்டிச்சேரியில் நான் மிகவும் ரசிப்பது இந்தக் கலப்பைத்தான். இந்தத் தெருவைச் சீரமைத்த பணிக்கு யுனெஸ்கோ விருதும் கிடைத்திருக்கிறது. குடும்பங்கள் குடியிருக்கும் வீடுகள், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையிலும் இதே கலப்பு உண்டு. முற்றத்தைச் சுற்றிக் கீழே மரத்தூண்கள், மேலே ஐரோப்பிய பாணித் தூண்கள். தனியார் வீடு என்பதால் அனுமதி இருந்தால்தான் உள்ளே போக முடியும். அது நிற்பதே ஆச்சரியம். 1761-இல் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர்கள் ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-இல் ஊர் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குத் திரும்பி வந்த பிறகு எழுந்ததுதான் இன்று நாம் பார்க்கும் ஊரில் பெரும்பகுதி. நேர்நேரான தெருக்கட்டம் மட்டும் அதைவிடப் பழையது. 1693 முதல் 1699 வரை ஊரை வைத்திருந்த டச்சுக்காரர்கள் போட்ட திட்டம் அது. 'பிரெஞ்சு நகரம்' என்று புராஜெக்ட்டுக்குத் தலைப்பு வைப்பதற்கு முன்னால் உங்கள் மகள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

பழையது எது, பழையது போலக் கட்டியது எது என்று கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. ஜன்னல் ஓரத்தில் சுவரின் தடிமனைப் பாருங்கள், சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவர் நல்ல கனமாக இருக்கும். சுண்ணாம்பு அடித்த சுவரில் சாய்ந்தால் சட்டையில் ஒட்டும். பழைய சுவரில் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்திருந்தால் கடற்கரை ஈரமும் உப்பும் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருக்கும். உள்ளே போனால் கூரையைப் பாருங்கள். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லை விளிம்பில் நிறுத்தி, உத்தரத்துக்குக் குறுக்குச் சாய்வாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பழைய வீடுகளிலும் இதே கூரைதான், உங்கள் அம்மாவுக்கே தெரிந்திருக்கலாம்.

கடற்கரையில் இருக்கும் 'மேரி' கட்டடத்தையும் காட்டுங்கள், பிரெஞ்சில் மேரி என்றால் நகராட்சி மன்றம். 19ஆம் நூற்றாண்டின் அந்தக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இப்போது நிற்பது அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி, 2021-இல் திறந்தது. நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். இருந்தாலும் எனக்கு அது நகல்தான். பராமரித்திருந்தால் அசலே நின்றிருக்கும் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை. தேவாலயங்களில், மிஷன் தெருவில் 1791-இல் எழுந்த சம்பா கோயில் போதும். ரயில் நிலையத்தின் பக்கத்தில் இருக்கும் திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவின் வண்ணக் கண்ணாடிகளை நேரமிருந்தால் பாருங்கள்.

சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்புங்கள். ஈசிஆரில் சுமார் 150 கிலோமீட்டர், மூன்று, மூன்றரை மணி நேரம் பிடிக்கும். அன்று மாலை வெயில் தாழ்ந்ததும் ஆட்டோ பேசிக்கொண்டு வைசியாள் தெருப் பக்கம் போய்வாருங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் காலை ஏழரை வரை பீச் ரோட்டில் வண்டி விடமாட்டார்கள். அம்மா அங்கே உட்கார்ந்து காற்று வாங்கட்டும். ஞாயிறு காலை ஆறு மணிக்கே எழுந்து நீங்களும் மகளும் மட்டும் பிரெஞ்சுப் பகுதியில் நடங்கள். பத்து மணிக்குமேல் அங்கே செல்ஃபி கூட்டம், ஒரு ஜன்னலைக்கூட நின்று வரைய முடியாது.