கறுப்பு காரும் பாலிஷ் மெஷினும்: ரோட்டரியா, டிஏவா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வீட்டு வாசலில்தான் கார் நிற்கிறது. கறுப்பு செடான், ஏழு வருடம் ஆகிறது. வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி கோடுகள். ஒர்க்‌ஷாப்பில் ரப்பிங் போட்டேன், இப்போது இன்னும் மோசமாகத் தெரிகிறது. நானே மெஷின் வாங்கிச் செய்யலாமா? எதை வாங்குவது?

பதில்: செய்யலாம். டிஏ (டூயல் ஆக்‌ஷன்) மெஷின் வாங்குங்கள். முதல் மெஷினாக ரோட்டரி வேண்டவே வேண்டாம்.

ரோட்டரியில் பேட் ஒரே அச்சில் சுற்றும். ஒரே இடத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றாலும் சூடேறிவிடும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அங்கே சூடு பரவாது, சீக்கிரம் கருகும். டிஏவில் பேட் சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும். அழுத்தினால் சுற்று நின்றுவிடும். புதுக் கைக்கு அதுதான் காவல். நான் பார்த்ததிலேயே வயிறு எரிந்தது, ஆங்கிள் கிரைண்டரில் ஸ்பாஞ்ச் மாட்டி ஓட்டிய கார்கள்தான். நாலு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை போகும். பாலிஷுக்கு ரோட்டரியையே 2,000க்குள்தான் ஓட்டுவோம்.

ரப்பிங்குக்குப் பிறகு வெளிச்சம் பட்டால் வில் வில்லாக மின்னுகிறதா? கம்பளிப் பேடில் அரைத்துவிட்டு, ஃபினிஷிங் செய்யாமல் கொடுத்திருக்கிறார்கள். அது சரியாகும். ஆனால் நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சு, அதாவது கிளியர் கோட், பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடியைவிட மெல்லிசு. ஒரு ரப்பிங் அதில் கொஞ்சம் தின்றாயிற்று. போனது திரும்பி வளராது. அதனால் முதலில் யாரிடமாவது பெயின்ட் தடிமனைக் காட்டும் கேஜ் வாங்கி அளந்து பாருங்கள். பெயின்ட் அடுக்குகள் எல்லாம் சேர்ந்து மொத்தமே 80 மைக்ரானுக்குக் கீழே காட்டும் இடத்தில் நான் காம்பவுண்ட் (அரைக்கும் பேஸ்ட்) வைக்கமாட்டேன்.

15 மில்லிமீட்டர் ஆட்டம், பேட் ஒட்ட ஐந்து அங்குல பிளேட் உள்ள மெஷின் போதும். பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். ஓட்டும்போது அந்தக் கோடு சுற்றுவது தெரிய வேண்டும். வளைவுகளில் அது நின்றுவிட்டால் பேட் சும்மா அதிர்கிறது, வேலை நடக்கவில்லை என்று அர்த்தம், அழுத்தத்தைக் குறையுங்கள். பேட் வாங்கும்போது நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கட்டிங் (அதிகம் அரைக்கும்), பாலிஷிங் (நடுத்தரம்), ஃபினிஷிங் (மென்மையானது) என்று கேட்டு வாங்குங்கள்.

மெஷினைத் தொடும் முன் காரைக் கழுவிவிட்டு, கையில் பாலித்தீன் கவர் மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவிப் பாருங்கள். நறநறவென்று இருக்கும். ரயில் தண்டவாளம், கன்டெய்னர் லாரி என்று நம் பக்கத்தில் இரும்புத் தூளுக்குப் பஞ்சமில்லை. அயர்ன் ரிமூவர் அடித்தால் ஊதா நிறத்தில் வழியும். பிறகு களிமண் மாதிரி இருக்கும் கிளே பாரால் தேய்த்து மிச்சத்தை எடுங்கள். இதைச் செய்யாமல் பாலிஷ் போட்டால் அந்தத் தூளே பேடில் மாட்டிப் புதுக் கீறல் போடும்.

பானெட்டில் இரண்டடிக்கு இரண்டடி டேப் ஒட்டுங்கள். முதலில் ஃபினிஷிங் பேட், மெல்லிய பாலிஷ். ஸ்பீடு 4, விநாடிக்கு ஒரு அங்குலம் நகர்ந்தால் போதும்; குறுக்கும் நெடுக்குமாக நாலு முறை. பாலிஷில் உள்ள எண்ணெய் கோடுகளை மறைத்துவிடும் என்பதால், ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். போகவில்லை என்றால் மட்டும் ஒரு படி மேலே போங்கள். கட்டிங் வரை போனால் கறுப்பில் மங்கல் விழும், ஃபினிஷிங் கட்டாயம். நகம் வைத்தால் தட்டுகிற கீறலை விட்டுவிடுங்கள். அதைத் துரத்தினால் கிளியர் கோட் தாங்காது. கதவு விளிம்புகளில் டேப் இருக்கட்டும், அங்கேதான் பெயின்ட் மெல்லிசு.

விடியற்காலையில் நிழலில் ஆரம்பியுங்கள். பானெட் சூடானால் பாலிஷ் காய்ந்து மாவாகிவிடும். மதியக் கடற்காற்று வேறு மண்ணை வாரிப் போடும். ஒவ்வொரு பேனலுக்கும் பேடை பிரஷால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். ஒரு நாளில் முழுக் காரையும் முடிக்க நினைக்காதீர்கள், பானெட்டும் டிக்கியும் போதும்.

அடுத்த நாள் காலையில் புழுதி படிந்த காரைக் காய்ந்த துணியால் தட்டித் துடைக்காதீர்கள், துடைக்க வருகிற பையனையும் விடாதீர்கள். அந்த வலைக்கோடுகள் முதலில் விழுந்தது அப்படித்தான். நிறையத் தண்ணீர் விட்டு மண்ணை இறக்கிய பிறகே மைக்ரோஃபைபர் துணி காரில் படட்டும்.