ஊதிப் பார்த்தால் டிபி தெரியுமா?

கேள்வி: எனக்கு 41 வயது. மூன்று மாதமாக வறட்டு இருமல். இரவு மூன்று மணிக்கு இருமலே எழுப்பிவிடுகிறது. காலையில் அடுக்குத் தும்மல். ஊதுவத்திப் புகை பட்டாலும் இருமுகிறேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று டாக்டர் இன்ஹேலர் எழுதித் தந்து, 'ஃபீனோ' என்ற ஊதும் பரிசோதனையும் செய்யச் சொன்னார். அதில் டிபி, புற்றுநோய் எல்லாமே தெரிந்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. என் அப்பாவுக்கு டிபி இருந்தது. பயத்தில் பரிசோதனைக்கும் போகவில்லை, இன்ஹேலரையும் தொடவில்லை. என்ன செய்வது? - வாசகி, ஈரோடு

பதில்: முதலில் பயத்தை இறக்கி வையுங்கள். ஃபீனோ பரிசோதனையில் டிபி தெரியாது, புற்றுநோயும் தெரியாது. மூச்சுக்குழாயின் உள்சுவரில் ஒவ்வாமை வகை வீக்கம் இருக்கிறதா என்ற ஒன்றைத்தான் அது பார்க்கும். நடுராத்திரி இருமல், காலைத் தும்மல், புகை பட்டால் தொந்தரவு என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், இப்போது தெரிய வேண்டியதும் அதுதான். தயங்காமல் போய் ஊதிவிட்டு வாருங்கள்.

அந்த வீக்கம் இருக்கும்போது மூச்சுக்குழாயின் உள்தோல் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவை வழக்கத்தைவிட அதிகமாக உண்டாக்கும். நாம் விடும் மூச்சில் இந்த வாயு இருப்பதை 1991-ல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சில் அது கூடுதலாக இருக்கிறது என்பது இரண்டே வருடத்தில் தெரிந்துவிட்டது. அளவு மிகமிகச் சிறியது. நூறு கோடிப் பங்கு காற்றில் இத்தனை பங்கு என்று கணக்கிடுவார்கள், ரிப்போர்ட்டில் 'பிபிபி' என்று இருப்பது அதுதான். பெரியவர்களுக்கு 25-க்குக் கீழே இருந்தால் குறைவு, 50-க்கு மேலே போனால் அதிகம். இடையில் வந்தால் உங்கள் தொந்தரவுகளையும் சேர்த்து வைத்துத்தான் டாக்டர் முடிவு சொல்வார்.

ஊதுவது எப்படி என்று தெரிந்துகொண்டு போனால் படபடப்பு இருக்காது. உள்ளே இருக்கும் மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, கருவியின் வாய்க்குழாயை உதட்டால் இறுக்கிப் பிடித்து, அதன் வழியாகவே ஆழமாக இழுக்க வேண்டும். பிறகு சுமார் பத்து விநாடி ஒரே சீராக ஊத வேண்டும். ஊதாங்குழலால் அடுப்பு ஊதுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். சாம்பல் பறக்காமல் கங்கு மட்டும் சிவக்கிற மாதிரி ஊதுவார்களே, அந்தப் பதம்தான் இதற்கும். வேகம் கூடினாலும் குறைந்தாலும் கருவி திரும்ப ஊதச் சொல்லும். குழாயில் லேசாக ஒரு தடை இருப்பதை உணர்வீர்கள். அது வேண்டுமென்றே வைத்தது. மூக்கிலும் அதை ஒட்டிய சைனஸ் அறைகளிலும் இதே வாயு பல மடங்கு அதிகம். தடைக்கு எதிராக ஊதும்போது உள்நாக்குப் பக்கம் மூடிக்கொள்ளும், மூக்குக் காற்று வந்து கலக்காது.

அன்றைக்கு பீட்ரூட், கீரை வேண்டாம். அவற்றில் உள்ள நைட்ரேட், ஃபீனோ அளவைக் கூட்டிக் காட்டும். ஒரு மணி நேரம் முன்பிருந்து காபி, டிபன் எதுவும் வேண்டாம். பலம் கொண்ட மட்டும் ஊதுகிற ஸ்பைரோமெட்ரியும் அன்றே எழுதியிருந்தால் ஃபீனோவை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டுமே எடுப்பது நல்லது. ஃபீனோ வீக்கத்தைச் சொல்லும், ஸ்பைரோமெட்ரி அடைப்பைச் சொல்லும்.

நீங்கள் இன்ஹேலரைத் தொடாமல் இருந்தது இந்த ஒரு விஷயத்தில் மட்டும் உதவும். ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்க ஆரம்பித்தால் சில நாட்களிலேயே இந்த எண் இறங்கத் தொடங்கும். என்னிடம் வந்த ஒருவர் 22 என்ற ரிப்போர்ட்டைக் காட்டி, "எனக்கு ஆஸ்துமாவே இல்லையாம் டாக்டர்" என்றார். விசாரித்தால், மூன்று வாரமாக இன்ஹேலர் எடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார். மருந்து வேலை செய்ததைத்தான் அந்த 22 காட்டியது. அவரோ அதை நம்பி மருந்தை நிறுத்தியிருந்தார். அந்த வாரமே இளைப்பு திரும்பி வந்துவிட்டது. புகை பிடிப்பவர்களுக்கும் எண் குறைவாகக் காட்டும். ஒவ்வாமை வகையைச் சேராத ஆஸ்துமாவும் உண்டு, அதிலும் எண் ஏறாது. மறுபக்கம், மூக்கு ஒவ்வாமை மட்டும் இருந்தாலே எண் கொஞ்சம் ஏறலாம். உங்கள் தும்மலைப் பற்றி டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில், எனலாப்ரில் மாதிரி மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், அவற்றாலேயே வறட்டு இருமல் வரும்.

டிபி விஷயத்துக்கு வருகிறேன். எக்ஸ்ரே சரியாக இருப்பது பெரிய ஆறுதல். ஆனாலும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்வது நம் ஊரில் முறை. அரசு மருத்துவமனையில் அது இலவசம். அப்பாவுக்கு எந்த வருடம் டிபி இருந்தது, நீங்கள் அப்போது அதே வீட்டில் இருந்தீர்களா என்பதைச் சொல்லுங்கள். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, சளியில் ரத்தம் ஏதாவது உண்டென்றால் நாளையே போங்கள்.

அக்கா சொன்னது முழுக்கக் கற்பனை என்றும் சொல்ல மாட்டேன். 1971-லேயே அமெரிக்க வேதியியல் விஞ்ஞானி லைனஸ் பாலிங் நாம் விடும் மூச்சில் சுமார் 250 பொருட்களைப் பிரித்துக் காட்டினார். சர்க்கரை நோய் முற்றி அமிலம் கூடிய நோயாளியின் கட்டில் அருகே நின்றால் அழுகிய பழவாசனை அடிக்கும். நானே பலமுறை அதை முகர்ந்து, ரத்த ரிப்போர்ட் வரும் முன்பே இன்னதுதான் என்று ஊகித்திருக்கிறேன். நுரையீரல் புற்றுநோய்க்கும் அப்படி ஒரு வாசனைக் கையெழுத்து கிடைக்குமா என்று உலகம் முழுக்கத் தேடுகிறார்கள். நேற்றுச் சாப்பிட்டது, குடலில் உள்ள கிருமிகள், அறையின் காற்று எல்லாம் மூச்சில் கலந்துவிடுவதால் பிரித்தறிவது பெரும்பாடாக இருக்கிறது. சந்தேகம் வந்தால் இன்றைக்கும் சிடி ஸ்கேனும் திசுப் பரிசோதனையும்தான். ஊதியே புற்றுநோயைக் கண்டுபிடிப்பதாக யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இந்த வாரமே ஊதிவிட்டு, டாக்டர் சொன்னால் அன்று இரவே இன்ஹேலரை ஆரம்பியுங்கள். பழகிவிடும் என்ற பயம் வேண்டாம். மருந்து மைக்ரோகிராம் கணக்கில்தான், அதுவும் நேராக மூச்சுக்குழாய்க்கே போகிறது. எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள். எந்தெந்த இரவு இருமல் எழுப்பியது என்று காலண்டரில் குறித்து வையுங்கள், அடுத்த முறை டாக்டர் பார்க்க வேண்டியது எண்ணோடு அதையும்தான். நடுவில் ஒருநாள் மூச்சு வாங்கி ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் போனால், எந்தப் பரிசோதனைக்கும் காத்திருக்காமல் அந்த நேரமே 108-ஐ அழையுங்கள்.