சீனாவின் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான காவ்காவ் தேர்வின் ஆங்கில வாசிப்புப் பகுதிக்கு எப்படிப் பயிற்சி எடுப்பது?

சீன மொழி பேசும் மேல்நிலைப் பள்ளி மாணவர் ஒருவருக்கு ஆங்கிலப் பத்திகளை வாசித்துப் புரிந்துகொள்ள எப்படிப் பயிற்சி தருவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதிலேயே பலரும் மூழ்கிக் கிடக்கிறார்கள். சொல் தெரிந்தும் வாக்கியம் பிடிபடாமல் போவதுதான் பெரிய தொல்லை. 'நான் நேற்று வாங்கிய புத்தகம்' என்பதைச் சீனத்திலும் அச்சு அசலாக இதே வரிசையில்தான் சொல்வார்கள். ஆங்கிலத்திலோ புத்தகம் முதலில் வந்துவிடும். விவரமெல்லாம் பின்னால் வாலாகத் தொங்கும். (நம் பிள்ளைகளும் தடுக்கி விழும் இடம்தான் இது.) ஆகவே நீண்ட வாக்கியம் வந்தால் முதலில் எழுவாயையும் முற்றுவினையையும் பென்சிலால் கோடிடச் சொல்லுங்கள். வாலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பல மாகாணங்களில் நடக்கும் புதிய முறைத் தாளில், மொத்தம் 150 மதிப்பெண்ணில் வாசிப்புக்கு 50. நான்கு பத்திகள், 15 கேள்விகளுக்கு 37.5 போக, மீதி 12.5 ஏழு வாக்கியங்களில் ஐந்தைத் தேர்ந்து இடைவெளிகளை நிரப்புவதற்கு. அங்கே 'ஆனால்', 'அவை', 'இதனால்' போன்ற சின்னச் சொற்களே பெரும்பாலும் விடையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நாளுக்குப் பத்துப் பத்தி வேண்டவே வேண்டாம். ஒன்று போதும், தவறான விடை தன்னை ஏன் இழுத்தது என்று அதன் கீழே ஒரு வரி எழுதி வைக்கட்டும்.