பழைய விமான விபத்துகளைப் படிப்பதால் ஒரு விமானியின் பழக்கம் உண்மையில் மாறுமா, பயம்தான் மிஞ்சுமா?

மாறும். எப்படிப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. பல மாதங்கள் நானே தவறாகத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் பயணிகள் விமானம் ஓட்டுபவன் அல்லன். தனியார் விமானி உரிமம் வைத்துக்கொண்டு, விடுமுறை நாட்களில் நான்கு இருக்கை கொண்ட செஸ்னா 172இல் பறக்கிறவன். அந்த அளவுக்கே இந்தப் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக் காலத்தில் விபத்து அறிக்கைகளைத் துப்பறியும் கதைகள்போலப் படிப்பேன். முடிவு முன்பே தெரியும் என்பதால் விமானி செய்த ஒவ்வொரு பிழையும் பளிச்சென்று கண்ணில் படும். 'இதுகூடத் தெரியாமலா ஓட்டினார்?' என்று தோன்றும். அப்படித் தோன்றிய பிறகு அந்த அறிக்கையிலிருந்து ஒன்றும் கற்க முடியாது. அது வேறொரு முட்டாளின் கதையாகிவிடுகிறது.

அந்தத் திமிர் ஒரு பிற்பகலில் இறங்கியது. தனியாகப் பறக்கத் தொடங்கிய புதிது. இறங்கும்போது உயரமும் அதிகம், வேகமும் அதிகம். ஓடுபாதை நீளமானதுதானே, சமாளித்துவிடலாம் என்று மூக்கைத் தாழ்த்தினேன். விமானம் தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போனது. பாதி ஓடுபாதையைத் தாண்டித்தான் சக்கரம் பட்டது. பிரேக்கை மிதித்த மிதியில் கால் நடுங்கியது. விமானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பயிற்சியாளர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எந்த இடத்தில் வேண்டாம் என்று முடிவு செய்வதாக இருந்தாய்?" என்னிடம் பதில் இல்லை. அப்படி ஓர் இடத்தை நான் குறித்தே வைத்திருக்கவில்லை.

அன்றிரவு மங்களூர் அறிக்கையை மறுபடி எடுத்தேன். 2010 மே 22, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737. விமானத்தில் இருந்த 166 பேரில் பிழைத்தவர்கள் 8 பேர். இந்த முறை 158 என்ற எண்ணை மனத்திலிருந்து தள்ளிவைத்துவிட்டு, விமானி அறையில் உட்கார்ந்திருப்பவனாக ஒவ்வொரு பத்தியிலும் நின்று நின்று படித்தேன். கேப்டன் பயணத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் தூங்கியிருக்கிறார். மங்களூரில் ரேடார் பழுதாகியிருந்ததால் வழக்கத்தைவிடத் தாமதமாகத்தான் கீழிறங்க அனுமதி கிடைத்தது. ஓடுபாதையை நெருங்கும்போது இருக்க வேண்டிய உயரத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கில் இருக்கிறார்கள். இதுவரை யாரும் சாகவில்லை. இந்தக் கணத்தில் விசையைக் கூட்டி மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றிவந்து இறங்கியிருந்தால் பத்து நிமிடத் தாமதம், அவ்வளவுதான். துணை விமானி அதைத்தான் மூன்று முறை சொன்னார்: "கோ அரவுண்ட்." எச்சரிக்கைக் கருவியும் கத்திக்கொண்டிருந்தது. கேப்டன் சரிவாக இறக்கிக்கொண்டே வந்து, சுமார் 8,000 அடி ஓடுபாதையில் 5,200 அடியைத் தாண்டித்தான் தரையைத் தொட்டார். தொட்ட பிறகாவது பிரேக்கை முழுமையாக மிதித்திருந்தால் நிறுத்தியிருக்கலாம் என்கிறது அறிக்கை. அப்போதுதான் அவர் மறுபடி மேலெழும்ப முயன்றார்.

என் பிற்பகலும் இதுவும் ஒன்றே. அளவுதான் வேறு.

இதைவிட என்னை உறுத்துவது கோழிக்கோடு. 2020 ஆகஸ்ட் 7. அதே நிறுவனம், அதே ரக விமானம், மங்களூரைப்போலவே மேட்டின்மேல் சீவிவைத்த ஓடுபாதை. மழையில் முதல் முயற்சியைக் கைவிட்டார்கள், சரியான முடிவு. இரண்டாம் முறை எதிர்ப்பக்கத்திலிருந்து, பின்காற்றோடு வந்தார்கள். சுமார் 8,850 அடியில் 4,400 அடிக்கு மேல் கடந்துதான் சக்கரம் பட்டது. துணை விமானி இங்கும் "கோ அரவுண்ட்" என்றார். கேப்டன் மறுநாள் காலை அங்கிருந்தே இன்னொரு விமானத்தை எடுக்க வேண்டியிருந்தது என்பதையும் விசாரணை கணக்கில் எடுத்துக்கொண்டது. மங்களூர் அறிக்கை எல்லோருடைய அலமாரியிலும் இருந்த காலத்தில் நடந்த விபத்து இது. 21 பேர் இறந்தார்கள். படித்துத் தெரிந்துகொள்வது வேறு, கைக்குப் பழகுவது வேறு என்று எனக்குப் புரிந்தது இங்கேதான்.

ஆகவே நான் செய்வது இது. இறங்குவதா வேண்டாமா என்ற முடிவைக் காற்றில் எடுப்பதில்லை. தரையிலேயே எடுத்துவிடுகிறேன். தரைக்கு மேல் 500 அடி. அந்த உயரத்தில் வேகம், இறங்கும் சரிவு, ஓடுபாதைக்கு நேராக இருப்பது, இந்த மூன்றில் ஒன்று பிசகினாலும் விசையைக் கூட்டி மேலே போய்விட வேண்டும். 'இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்' கிடையாது. ஓடுபாதையின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் சக்கரம் படாவிட்டாலும் அதே தீர்ப்பு. கிளம்பும் முன் அதை வாய்விட்டுச் சொல்வேன். மனத்துக்குள் சொன்னால் கடைசி நேரத்தில் பேரம் பேசத் தோன்றும், எனக்குத் தோன்றியிருக்கிறது. ஏறும் நண்பர்களிடமும் சொல்லிவைக்கிறேன்: ஏதாவது சரியில்லை என்று பட்டால் தயங்காமல் சொல், தவறாக இருந்தாலும் பரவாயில்லை. 1977இல் ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு விமான நிலையத்தில், பனிமூட்டத்தில் கேஎல்எம் விமானம் கிளம்பிக்கொண்டிருந்தபோது, முன்னால் இருந்த பான் ஆம் விமானம் ஓடுபாதையிலிருந்து விலகவில்லையா என்று கேஎல்எம் விமானப் பொறியாளர் கேட்டார். கேப்டன் விலகிவிட்டதாக உறுதியாகச் சொல்ல, அத்தோடு விட்டுவிட்டார். இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். மரியாதை நல்ல குணம்தான். விமானி அறையில் அதற்கும் ஓர் அளவு வேண்டும்.

இன்னொரு விபத்து எனக்கு நேரடியாகவே உதவியது. 1972 டிசம்பரில் மியாமி அருகே ஈஸ்டர்ன் நிறுவனத்தின் 401 விமானத்தில், முன்சக்கரம் சரியாக இறங்கிவிட்டது என்று காட்டும் விளக்கு எரியவில்லை. விமானி அறையில் இருந்த எல்லோர் கவனமும் அந்தச் சிறு பல்பின்மேல் போயிற்று. தானியங்கி பிடித்துவைத்திருந்த உயரம் விடுபட்டு, விமானம் மெல்ல மெல்லச் சதுப்பு நிலத்தை நோக்கி இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை. போன வருடம் நான் மேலெழும்பிய சில விநாடிகளில் வலப்பக்கக் கதவு திறந்துகொண்டது. காற்றின் இரைச்சல், தாள்கள் பறக்கின்றன, பக்கத்தில் நண்பர் அலறுகிறார். செஸ்னாவில் இது ஆபத்தில்லை. அதைச் சாத்தப் போய் விமானத்தை விடுவதுதான் ஆபத்து. அந்தப் பல்பு நினைவுக்கு வந்தது. கதவு கிடக்கட்டும் என்று ஒரு சுற்று வந்து இறங்கி, நின்ற பிறகு சாத்தினேன்.

பயம் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரும். தொலைக்காட்சி விவாதங்களையும், விபத்து நடந்த மாலையே வாட்ஸ்அப்பில் வந்துவிடும் தீர்ப்புகளையும் பார்த்தால் பயம் மட்டுமே வரும். விசாரணை அறிக்கைகள் வேறு ரகம். குற்றம் சுமத்துவது இதன் நோக்கமல்ல என்று முன்பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள்.

தொடங்குவதென்றால் மங்களூரில் தொடங்குங்கள். ஆனால் முதலில் இருக்கும் சுருக்கத்தையும் கடைசியில் இருக்கும் முடிவுரையையும் விட்டுவிட்டு, பறப்பின் வரலாறு பகுதிக்கு நேரே போங்கள். கையில் பென்சில் இருக்கட்டும். 'நான் இங்கே திரும்பியிருப்பேன்' என்று தோன்றும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். பிறகு விமானி அறை உரையாடலைப் படித்து, அந்தக் கோடு சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். நான் முதன்முறை போட்ட கோடு, துணை விமானியின் முதல் "கோ அரவுண்ட்"டுக்குப் பின்னால் இருந்தது.