கோடை முகாமுக்குப் பிள்ளையை அனுப்பும் முன்: கேள்வி பதில்

முகாம் பொறுப்பாளர்களுக்கு முதலுதவிப் பயிற்சி கொடுப்பது என் வேலை. மே மாத முகாம்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

சேலத்திலிருந்து ஒரு அம்மா: மகளுக்கு 11 வயது. ஏற்காட்டில் ஐந்து நாள் முகாம். விளம்பரத்தில் "முழுப் பாதுகாப்பு" என்று போட்டிருக்கிறார்கள். நான் என்ன கேட்க வேண்டும்?

விளம்பரத்தை விட்டுவிடுங்கள் அம்மா. ஒன்றே ஒன்று கேளுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பிள்ளைக்கு மூச்சு திணறினால் யார் எழுந்து, எந்த வண்டியில், எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்? "108-ஐக் கூப்பிடுவோம்" என்பது பாதி பதில்தான். அங்கிருந்து சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். வண்டியும் ஓட்டுநரும் ராத்திரி முகாமிலேயே தங்க வேண்டும். முதலுதவி தெரிந்தவரின் பெயரைக் கேளுங்கள். யோசிக்காமல் பெயரைச் சொல்கிறார்களா, "பார்த்துக்கொள்வோம்" என்கிறார்களா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

கோவை, ஒரு அப்பா: அமெரிக்காவின் டெக்சஸில் முகாமை வெள்ளம் அடித்ததைப் படித்ததிலிருந்து ஆற்றங்கரை முகாம் என்றாலே பயமாக இருக்கிறது. நம் ஊரில் அப்படி நடக்குமா?

நடக்கும் சார். 2025 ஜூலை 4 அதிகாலை குவாடலூப் ஆறு பொங்கியதில், கேம்ப் மிஸ்டிக் என்ற பெண் பிள்ளைகள் முகாமில் சிறுமிகளும் அவர்களைப் பார்த்துக்கொண்ட இளம் பெண்களுமாக 27 பேர் இறந்தார்கள். அந்த மாவட்டத்துக்குத் திடீர் வெள்ள எச்சரிக்கை 1.14 மணிக்கே வந்துவிட்டது. இரண்டு நாள் முன்புதான் அரசு ஆய்வாளர் வந்து, எழுத்தில் அவசரத் திட்டம் இருக்கிறது என்று சரிபார்த்துவிட்டுப் போயிருந்தார். அதே ஆற்றின் இன்னொரு கிளையில் இருக்கும் மோ-ராஞ்ச் முகாமில், தண்ணீர் ஏறுவதை ஒரு பணியாளர் ராத்திரியிலேயே பார்த்துவிட்டார். எச்சரிக்கைக்காகக் காத்திருக்காமல் சுமார் 70 பேரை எழுப்பி மேட்டுக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு உயிர்கூடப் போகவில்லை. நான் பயிற்சி கொடுக்கும் இடங்களிலெல்லாம் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். ராத்திரி விழித்திருக்க ஒரு ஆள் வேண்டும். யாரையும் கேட்காமல் பிள்ளைகளை எழுப்ப அவருக்கு அதிகாரமும் வேண்டும்.

அந்தச் செப்டம்பரிலேயே, வெள்ளம் பாயக்கூடிய நிலத்தில் முகாம் அறைகள் இருக்கக் கூடாது என்று டெக்சஸில் சட்டம் வந்தது.

இனி நம் ஊர். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனது. மே என்றால் நாம் வெயிலைத்தான் நினைப்போம், ஆனால் கோடை மழை மலையில் கொட்டினால் கீழே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் வந்துவிடும். உங்கள் பக்கம் பவானியில் இன்னொரு ஆபத்து. பில்லூர் அணையிலிருந்து தண்ணீர் விட்டால், மேட்டுப்பாளையம் பக்கம் பாறை மேல் நிற்பவர்கள் கரைக்குத் திரும்புவதற்குள் மட்டம் ஏறிவிடும். தெளிந்த தண்ணீர் கலங்கலாகிறதா, சருகும் குச்சியும் மிதந்து வருகிறதா, இரைச்சல் கூடுகிறதா? உடனே மேடேறச் சொல்லுங்கள். செருப்பு, பை எதையும் எடுக்க நிற்கக் கூடாது.

திருச்சி, உடற்கல்வி ஆசிரியர்: விளையாட்டு முகாம் முடிந்து வரும் வழியில் பிள்ளைகள் ஆற்றில் குளிக்கக் கேட்கிறார்கள். கரையில் நாங்கள் நின்றால் போதுமா?

போதாது சார். தயவுசெய்து இறக்காதீர்கள். 2023 பிப்ரவரியில் கால்பந்துப் போட்டிக்குப் போன புதுக்கோட்டை மாவட்ட அரசுப் பள்ளி மாணவிகள் நாலு பேர், மாயனூரில் காவிரியில் மூழ்கி இறந்தார்கள். பயணத் திட்டத்தில் இல்லாத குளியல்தான் எப்போதும் ஆபத்து, ஏனென்றால் அதற்கென்று கயிறோ மிதவையோ நீச்சல் தெரிந்த ஆளோ யாரும் கொண்டுவந்திருக்க மாட்டார்கள்.

நீச்சல் குளம் உள்ள முகாமென்றால், தண்ணீரைப் பார்க்க மட்டும் ஒரு ஆள். அவர் கையில் போன் இருக்கக் கூடாது. பிள்ளைகளை ஜோடி ஜோடியாகப் பிரித்துவிட்டு, விசில் ஊதியதும் ஜோடியின் கையைப் பிடித்துத் தூக்கச் சொல்லுங்கள். ஒற்றைக் கை தெரிந்தால் குளியலை நிறுத்தித் தேட வேண்டும். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்தாது, அதனால்தான் இவ்வளவும். யாராவது மூழ்கிவிட்டால் கயிறையோ கம்பையோ காலி பிளாஸ்டிக் குடத்தையோ வீசுங்கள், பயிற்சி இல்லாதவர் குதிக்க வேண்டாம். வெளியே எடுத்த பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் நேரத்தைத் தின்றுவிடும். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, அப்புறம் நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும்.

தர்மபுரி, தன்னார்வலர் தம்பி: தோட்டத்துக்குள் முகாம். பாம்பு பயம். முதலுதவிப் பெட்டியில் என்ன வைக்கலாம், அண்ணா?

பெட்டியைவிடப் பாய்தான் முக்கியம் தம்பி. கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். வலி பெரிதாக இருக்காது, கடித்த தடமும் சரியாகத் தெரியாது. காலையில் ஒரு பிள்ளை எழுந்து வயிறு வலிக்கிறது, தொண்டை அடைக்கிறது என்று சொல்லி, கண் இமையும் தொங்கினால், ராத்திரிச் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டு உட்காராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கட்டில் கிடைக்காவிட்டால் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நாலு பக்கமும் செருகிவிடுங்கள். கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும், போகும் பிள்ளை கையில் டார்ச் இருக்கட்டும்.

கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடித்த காலையோ கையையோ அசையாமல் சிம்பு (நேரான குச்சியோ பலகையோ) வைத்துக் கட்டி, பிள்ளையை நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ நேரத்தைச் செலவழிக்காதீர்கள். விஷமுறிவு மருந்து எந்த அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று முகாம் தொடங்கும் முன்பே நேரில் போய்க் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரை, பாட்டி: பேரனுக்கு இளைப்பு. மருந்துகளை எல்லாம் ஆபீசில் வாங்கி வைத்துக்கொள்வார்களாமே?

இன்ஹேலரை மட்டும் கொடுக்காதீர்கள் அம்மா. அது அவன் பையிலேயே இருக்கட்டும். பூட்டிய அலமாரியின் சாவியைத் தேடும் நேரத்தில் நிலைமை மோசமாகிவிடும். இன்னொன்று வாங்கி, பெயர் எழுதி, அவன் குழுவின் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஓசூர், ஒரு அம்மா: கிருஷ்ணகிரி சம்பவத்துக்குப் பிறகு பெண் பிள்ளையை அனுப்பவே மனம் வரவில்லை.

உங்கள் பயம் நியாயம். 2024 ஆகஸ்டில் என்.சி.சி. முகாம் என்று சொல்லி ஒரு தனியார் பள்ளியில் போலியாக முகாம் நடத்தி, அங்கே தங்கிய மாணவிகளிடம் பாலியல் அத்துமீறல் செய்தார்கள். அந்த முகாமுக்கும் என்.சி.சி.க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பள்ளி ஏற்பாடு செய்கிறது என்பதற்காக நம்பிவிடாதீர்கள். எந்த அமைப்பின் பெயரைச் சொல்கிறார்களோ, அந்த அலுவலகத்திலேயே கேட்டு உறுதிசெய்யுங்கள். பெண் பிள்ளைகள் தூங்கும் இடத்தில் ராத்திரி முழுக்கப் பெண் பொறுப்பாளர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும். பெரியவர் ஒருவர் பிள்ளையைத் தனியாக அழைத்துப் போகும் வழக்கமே முகாமில் இருக்கக் கூடாது. வீட்டுக்குப் பேசப் பிள்ளைக்கு தினம் ஒரு நேரம் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள்.

முகாம் நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் மறைத்தால், 2012 போக்சோ சட்டப்படி அதுவே குற்றம். "பள்ளிப் பெயர் கெட்டுவிடும்" என்று ஒரு பிள்ளையின் வாயை அடைப்பது எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

திண்டுக்கல், கல்லூரி மாணவர்: மார்ச்சில் பள்ளிப் பிள்ளைகளை மலையேற்றத்துக்குக் கூட்டிப் போகலாமா?

வேண்டாம் தம்பி. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது இதே காய்ந்த புல் காலத்தில்தான். தீ மேட்டை நோக்கி மனிதன் ஓடுவதைவிட வேகமாக ஏறும். மழை பெய்து காடு பச்சையான பிறகு, வனத்துறை அனுமதியும் அவர்களுடைய வழிகாட்டியும் இருந்தால் போங்கள்.

ஈரோடு, முகாம் நடத்துபவர்: இன்னும் பத்து நாளில் தொடங்குகிறோம். இப்போது என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்யலாம் சார். முகாம் இருக்கும் இடத்தின் வழியை, பிரதான சாலையிலிருந்து எங்கே திரும்ப வேண்டும் என்பது வரை ஒரு அட்டையில் எழுதி, சமையல்காரர் உட்பட எல்லோரிடமும் கொடுங்கள். 108-ஐக் கூப்பிடுபவர் பதற்றத்தில் வழி சொல்லத் தடுமாறுவார். போன் சிக்னல் எந்த மூலையில் கிடைக்கிறது என்று பார்த்து, அங்கே ஒரு குறி போடுங்கள். பதினொன்றிலிருந்து நாலு வரை வெயிலில் விளையாட்டு வேண்டாம். வெயிலில் ஆடிய பிள்ளை உடம்பு கொதித்து உளறத் தொடங்கினால், முதலில் தண்ணீரை ஊற்றி விசிறிக் குளிர வையுங்கள், வண்டி வரும் வரையிலும் நிறுத்தாதீர்கள்.

முதல் நாள் சாயங்காலமே விசில் ஊதி, எல்லோரையும் கூடும் இடத்துக்கு ஒருமுறை வரவையுங்கள். எண்ணிக்கையைப் பெயர்ப் பட்டியலோடு சரிபாருங்கள். அன்று ராத்திரி விளக்கை அணைத்த பிறகு இன்னொரு முறை.